டே ஆற்றங்கரையில் கூடியவர்கள்

முதல் நாள்: எடின்பரோ

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினெட்டு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்று வேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த பிறகும், டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்த நம்பரை யாரையும் அழிக்க விட்டதில்லை. சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். காலையில் ரோல் கால் எடுப்பதைப் பற்றி மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் சொல்வார். "பேரைக் கூப்பிட்டா பதில் வரணும். வரலைன்னா, அவன் எங்க இருக்கான்னு பக்கத்துல நிக்கிறவன் சொல்லணும்."

மகள் எடின்பரோவில் வேலை பார்க்கிறாள். அவளோடு இருக்க வந்த இந்த மே மாதத்தில் ஐந்து நாட்களை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். பிளாக் வாட்ச் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு பிறந்து வளர்ந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன். அரண்மனையும் ஏரியும் பிறகு.

தொடக்கம் நகரத்தின் நடுவிலேயே கிடைத்தது. மவுண்ட் மேட்டில் ஏறும் வழியில் கில்ட் என்ற முழங்கால் அளவுப் பாவாடை அணிந்த ஒரு சிப்பாய் சிலை. தென்னாப்பிரிக்கப் போரில் இறந்த பிளாக் வாட்ச் வீரர்களுக்காக வில்லியம் பர்னி ரைண்ட் செய்தது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 1899 டிசம்பர் 11, மாகர்ஸ்ஃபான்டைன். கொட்டும் மழையில், இருட்டில், தோளோடு தோள் உரச நெருக்கமாக நடத்திக் கொண்டுபோனார்கள். விடியும் நேரத்தில் போயர்களின், அதாவது அங்கே குடியேறிய டச்சு வம்சத்தாரின், பதுங்குகுழிகளுக்கு முன்னால் மாட்டிக்கொண்டார்கள். படைத்தலைவர் வாக்கோப் ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டார். அவரும் இதே படைப்பிரிவில் வளர்ந்தவர்தான். மிச்சம் இருந்தவர்கள் பகல் முழுக்க அசையாமல் குப்புறக் கிடந்தார்கள். கில்ட் மறைக்காத முழங்காலின் பின்பக்கம் வெயிலில் வெந்து கொப்பளித்துப் போனதாம். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கைவிட இந்தக் கொப்பளம்தான் எனக்கு அந்த நாளைக் காட்டுகிறது.

மத்தியானம் கோட்டைக்குள் இருக்கும் தேசியப் போர் நினைவு மண்டபத்துக்குப் போனேன். ராபர்ட் லொரிமர் வடிவமைத்து 1927ல் திறக்கப்பட்டது. படை எடுத்துப்போன யானை, ஒட்டகத்தோடு, சுரங்கம் தோண்டியவர்களுக்குத் துணையாக இருந்த எலியையும் கேனரிக் குருவியையும்கூடக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் முன்னால் பெரிய பெயர்ப் புத்தகங்கள். யாரும் தொட்டுப் புரட்டலாம். பிளாக் வாட்ச் புத்தகத்தைத் திறந்தேன். பெயர்களோடு பிறந்த ஊர்கள்: டன்டீ, பெர்த், கிர்க்கால்டி, டன்ஃபெர்ம்லின், மறுபடியும் டன்டீ, மறுபடியும் டன்டீ. நாளைக்கு எங்கே போவது என்பதை அந்தப் பக்கங்களே சொல்லிவிட்டன.

இரண்டாம் நாள்: டன்டீ

ஃபோர்த் பாலம், பிறகு டே பாலம். இரண்டு கடற்கழிமுகங்களைத் தாண்டி ரயில் டன்டீக்குள் நுழைகிறது. பழைய ஆலைகளின் புகைபோக்கிகள் இன்னும் ஒன்றிரண்டு நிற்கின்றன. வங்காளத்துச் சணலை நெய்து ஊர் பிழைத்த இடம். ஆலை வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்பிள்ளைகள் பெரியவர்களானதும் ஆலையில் நிற்கவைக்கக் கூலி கட்டாது. அப்படி வேலை கிடைக்காதவர்களுக்குப் பட்டாளம் ஒரு வழியாக இருந்திருக்கிறது.

முதல் உலகப் போரில் பிளாக் வாட்சின் நான்காவது பட்டாலியனை 'டன்டீயின் சொந்தப் படை' என்றே ஊர் அழைத்தது. ஆலைத் தொழிலாளி, குமாஸ்தா, பத்திரிகைக்காரன் எல்லாரும் ஒரே வரிசை. கவிஞரும் பத்திரிகையாளருமான ஜோசப் லீ அதில் ஒருவர். பதுங்குகுழியில் உட்கார்ந்து எழுதவும் வரையவும் செய்தார். 1915 செப்டம்பர் 25 அன்று, பிரான்சில் லூஸ் என்ற இடத்தில் அந்தப் பட்டாலியன் நொறுங்கிப்போனது. தளபதி ஹாரி வாக்கர் காயம்பட்டு இறந்தார். அவர் குடும்பமும் சணல் ஆலைக் குடும்பம். முதலாளி வீட்டுக்கும் தொழிலாளி வீட்டுக்கும் சாவுச் செய்தி வந்தது. மறு வருஷமே ஐந்தாவது பட்டாலியனோடு இதைச் சேர்த்துவிட்டார்கள். தனியாக நிற்க ஆள் போதவில்லை. அந்தப் போரில் அடுக்கிய மணல் மூட்டைகளில் ஏராளமானவை டன்டீயில் நெய்த சாக்குகள்தான். அம்மா நெய்த சாக்குக்குப் பின்னால் மகன் ஒதுங்கியிருக்கவும் கூடும். மலை ஏறும்போது முழுக்க இதே யோசனைதான்.

மலை என்றால் டன்டீ லா. 174 மீட்டர் உயரம், ஊரின் நடு மேடு. உச்சியில் போர் நினைவுத்தூண். அதன் தலையில் உள்ள தீக்கொப்பரையை வருஷத்தில் சில நாட்கள் மட்டும் ஏற்றுகிறார்கள். அதில் ஒன்று செப்டம்பர் 25. நாயோடு நடக்க வந்திருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "என் பாட்டி அந்த நாளில் ஜன்னல் திரையை மூடமாட்டார்" என்றார். "அவரோட அப்பா லூஸில் போனவர். விளக்கு தெரியணும் என்பார்." எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு வாசல் கதவைச் சாத்தாமல் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன்; புரிந்துகொண்டார்.

அங்கிருந்து வடக்கே போனால் கிளாமிஸ். அந்தப் பிரபு வீட்டுப் பிள்ளை ஃபெர்கஸ் போஸ்-லயனும் இதே லூஸில், எட்டாவது பட்டாலியனில், 1915 செப்டம்பர் 27 அன்று கொல்லப்பட்டார். அவருடைய தங்கை எலிசபெத் 1923ல் அரச குடும்பத்தில் மணமுடிக்க வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் நுழைந்தபோது, கையில் இருந்த பூச்செண்டைப் பெயர் தெரியாத வீரனின் கல்லறை மேல் வைத்துவிட்டுப் போனார். இன்றும் அரச குடும்ப மணப்பெண்களின் பூச்செண்டு அந்தக் கல்லறைக்குப் போகிறது. பின்னாளில் ராணியாகி, ராஜமாதாவாகி, 1937 முதல் 2002ல் இறக்கும்வரை பிளாக் வாட்சின் கௌரவத் தலைவராக இருந்தவர் அவர்தான்.

மூன்றாம் நாள்: பெர்த்

கிளம்பியதில் இருந்து காத்திருந்த நாள். நார்த் இஞ்ச் என்ற பெரிய புல்வெளியின் ஓரத்தில் பல்ஹௌசி கோட்டை. கோட்டை என்றாலும் ஒரு ஜமீன் வீட்டு அளவுதான். 1962 முதல் படைப்பிரிவின் தலைமையகம், அருங்காட்சியகமும் இதற்குள்தான்.

முதலில் அந்தத் துணி. கரும்பச்சை, கருநீலம், கறுப்பு. நம்மூரில் பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடைகளில் பார்த்த அதே கட்டம். 1725ல் ஜெனரல் ஜார்ஜ் வேட் என்பவர், கலகக்காரர்கள் நிறைந்த ஸ்காட்லாந்து மலைநாட்டைக் காவல் காக்க, அரசுக்கு விசுவாசமான குலங்களில் இருந்தே ஆறு கம்பெனிகளைத் திரட்டினார். கேம்பெல், கிராண்ட், ஃப்ரேசர், மன்றோ. அவர்கள் போர்த்திய டார்ட்டன் என்ற இருண்ட கட்டத் துணியைப் பார்த்து ஊர் ஜனங்கள் கேலிக் மொழியில் 'அம் ஃப்ரேகடன் டூ' என்றார்கள். கறுப்புக் காவல். அதுதான் பிளாக் வாட்ச். தன் ஆட்களைத் தானே வேவு பார்க்கும் வேலை. அந்தப் பெயரில் அன்பு மட்டும் இருந்திருக்காது.

1746ல் கல்லோடன் சண்டையில் கலகக்காரர்கள் தோற்ற பிறகு மலைநாட்டு ஆண்கள் கில்ட்டும் டார்ட்டனும் அணியக்கூடாது என்று சட்டம் வந்தது. நீக்கியது 1782ல்தான். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பாட்டன் கட்டிய துணியைக் கட்ட வேண்டுமானால் ராஜாவின் துப்பாக்கியைத் தூக்க வேண்டும் என்று 36 வருஷம். இந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

உள்ளே வழிகாட்டியாக வந்தவர் எழுபது தாண்டிய பெரியவர், முன்னாள் சிப்பாய். என் அப்பாவும் சிப்பாய் என்று சொன்னதும் பேச்சின் தோரணையே மாறிவிட்டது. "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கவனமாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவருடைய தொப்பியில் சிவப்பு இறகுக் கொத்து. ரெட் ஹாக்கிள். 1795 ஜனவரியில் ஹாலந்தில் கெல்டர்மால்சன் என்ற ஊரில், மற்றொரு படை விட்டுவிட்டு ஓடிய பீரங்கிகளை இவர்கள் மீட்டதற்கு அடையாளம் அது என்பது படைப்பிரிவின் நம்பிக்கை. 1822ல், இவர்களைத் தவிர வேறு யாரும் அணியக்கூடாது என்று உத்தரவே வாங்கிவிட்டார்கள். "இந்த இறகைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தோம்" என்றார். 2004ல் இந்தப் பட்டாலியன் ஈராக்கில் பாக்தாத் பக்கம் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான், ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளை எல்லாம் ஒன்றாக்கும் திட்டம் வந்தது. 2006 மார்ச் 28 முதல் பிளாக் வாட்ச் என்பது ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தின் மூன்றாவது பட்டாலியன். சிவப்பு இறகை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் சொன்ன கதைகளில் ஒன்று ராத்திரி தூங்கவிடாது போலிருக்கிறது. மேஜர் டங்கன் கேம்பெல், இன்வரா என்ற ஊர்க்காரர். கொலை செய்துவிட்டு ஓடிவந்த ஒருவன் அடைக்கலம் கேட்கிறான். குத்துவாளின் மேல் சத்தியம் செய்து ஒளித்து வைக்கிறார். பிறகுதான் தெரிகிறது, அவன் கொன்றது இவருடைய சித்தப்பா மகனை. செத்தவன் ஆவி கனவில் வந்து பழி வாங்கச் சொல்கிறது. கொடுத்த வாக்கை மீற முடியாது என்கிறார். கடைசி இரவில் ஆவி, "டைகாண்டரோகாவில் சந்திப்போம்" என்று சொல்லிப் போகிறது. அப்படி ஒரு ஊரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. 1756ல் படையோடு அமெரிக்கா போகிறார். 1758ல் தாக்கப்போகும் கோட்டையின் பெயரைச் சொல்கிறார்கள். ஆவியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் டங்கன் கேம்பெல் அங்கே காயம்பட்டு இறந்தது வரலாறு. ஜூலை 8 அன்று, வெட்டிப்போட்ட மரங்களின் கூர்முனைகளைத் தாண்ட முடியாமல், ஆயிரம் பேர் கொண்ட படையில் 314 பேர் செத்தார்கள், 333 பேர் காயம்பட்டார்கள். அடைக்கலம் வந்தவனைக் காட்டிக்கொடுக்காத கதை நமக்குப் புதிதா என்ன? ஆனால் வாக்கைக் காப்பாற்றியவனைத் தேடிச் சாவு கடல் தாண்டி வருவதாக அந்த மலைநாடு ஏன் சொல்லிக்கொண்டது என்பதுதான் எனக்குள் ஓடுகிறது.

போர் விருதுகளின் பட்டியலில் சட்டென்று என் பக்கத்து ஊர்கள். மங்களூர். ஸ்ரீரங்கப்பட்டணம். 1780ல் இதே பெர்த்தில் திரட்டிய இரண்டாவது பட்டாலியன் மங்களூர்க் கோட்டையில் திப்புவின் முற்றுகையை 1783 மே முதல் 1784 ஜனவரிவரை தாங்கியது. கூடவே பசியில் கிடந்து தாங்கியவர்கள் பம்பாய்ச் சிப்பாய்கள். தளபதி ஜான் கேம்பெல் கோட்டையை விட்டு வெளியே வந்து இரண்டு மாதத்துக்குள் பம்பாயில் இறந்துபோனார். அந்தப் பட்டாலியன் 1786ல் 73ஆம் ரெஜிமென்ட் என்று தனியாகப் பிரிந்து, 1809ல் கில்ட்டையும் இழந்து, 1881ல் திரும்ப பிளாக் வாட்சோடு சேர்ந்தது. நடுவில் 1815ல் கண்டி மேல் படையெடுத்தவர்களில் அதுவும் உண்டு. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்து 1832ல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு அப்பா என்னைச் சைக்கிளில் அழைத்துப் போயிருக்கிறார். அந்தக் கல்லறையும் இந்தக் கோட்டையும் ஒரே நூலின் இரு முனை. பெரியவரிடம் ராஜாவின் பெயரைச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்.

வைஸ்ராய் வேவல் இங்கே தனியாக நினைக்கப்படுகிறார். 1901ல் இந்தப் படையில் சேர்ந்தவர். அவருடைய அப்பாவும் இதே படை. 1915ல் பெல்ஜியத்தில் ஈப்ர் அருகே இடது கண்ணை இழந்தார். 1943ல் வைஸ்ராயாக வந்ததும் வங்கப் பஞ்சத்துக்கு ராணுவத்தை வைத்துச் சோறு கொண்டுபோகச் செய்தவர். 1948 பிப்ரவரி 26 அன்று கராச்சியில் கப்பல் ஏறி, பாகிஸ்தானை விட்டுப் போன கடைசி பிரிட்டிஷ் பட்டாலியனும் பிளாக் வாட்சின் இரண்டாவது பட்டாலியன்தான்.

புறப்படும்போது வழிகாட்டி கென்னடியைப் பற்றிச் சொன்னார். 1963 நவம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் பிளாக் வாட்ச் பேக்பைப் வாசித்தது. கென்னடி குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டார். பன்னிரண்டே நாளில், அவருடைய இறுதி ஊர்வலத்தில் இவர்களின் ஒன்பது பைப்பர்கள் நடந்தார்கள். அவர் மனைவி அழைத்ததாம்.

நான்காம் நாள்: டன்கெல்ட்

ரயிலில் சிறிது தூரம். டே ஆற்றங்கரையில் பாதி இடிந்த தேவாலயம். ஒரு பாதிக்குக் கூரை இல்லை, மறு பாதியில் இன்றும் பிரார்த்தனை நடக்கிறது. உள்ளே சர் ஜான் ஸ்டீல் 1872ல் செதுக்கிய பிளாக் வாட்ச் நினைவுச் சிற்பம். போர் ஓய்ந்த களத்தில் ஒரு அதிகாரி தன் நண்பனைத் தேடி வந்து நிற்கிறார். வெற்றிக் கோலம் இல்லை, வாளை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவன் எங்கே என்று அப்பா சொன்ன அதே கேள்விதான் பளிங்கில் நிற்கிறது.

இதே ஊரில்தான் 1689ல் கேமரோனியன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துப் படை தன் முதல் சண்டையைப் போட்டது. 1968ல் வேறு படையோடு சேரச் சொன்னபோது, சேருவதைவிடக் கலைவதே மேல் என்று கலைந்துபோனார்கள். பெர்த்துப் பெரியவர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பிற்பகல் மழை. அறைக்குத் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள்: அபர்ஃபெல்டி

காலை பஸ். ஆறு கூடவே வந்தது. ஊருக்கு வெளியே வேட் கட்டிய ஐந்து வளைவுப் பாலம். வில்லியம் ஆடம் வடிவமைத்து 1733ல் கட்டியது. இன்றும் கார்கள் அதன் மேல்தான் போகின்றன. பக்கத்தில் கற்குவியல்போல எழுப்பிய பீடம், அதன் உச்சியில் பழைய உடையில் ஒரு மலைநாட்டுச் சிப்பாய். 1887ல் திறந்தார்கள். எடின்பரோச் சிலையைச் செய்த அதே பர்னி ரைண்ட்தான். பீடத்தில் கேலிக்கிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது: ஆறு கம்பெனிகளும் ஒரே படையாகி, 1740 மே மாதத்தில் இந்தப் பாலத்துக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் வெளியில் முதல்முறையாக அணிவகுத்தன என்று.

மேலே நிற்பவன் யார் என்பதுதான் என்னை இங்கே வரவழைத்தது. ஃபார்கர் ஷா என்கிறார்கள்.

1743 வசந்தத்தில் இந்தப் படையை லண்டனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ராஜா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லித்தான் போனது. போய்ச் சேர்ந்தால் ராஜா ஹனோவருக்குக் கிளம்பிவிட்டிருந்தார். ஃபிஞ்ச்லியில் வேட் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அதற்குள் ஒரு பேச்சு பரவியது: உங்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே போனவர்கள் காய்ச்சலிலேயே சாவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சொந்த மலைநாட்டைக் காக்கத்தான் கையெழுத்துப் போட்டோம் என்று நம்பியவர்கள் அவர்கள். ஒரு மே ராத்திரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியோடு வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். கொள்ளை அடிக்கவில்லை, யாரையும் சுடவில்லை. வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு காட்டில் குதிரைப்படை வளைத்தது, சரணடைந்தார்கள். ராணுவ நீதிமன்றம் எல்லாருக்கும் மரண தண்டனை விதித்தது. ஜூலை 18 அன்று லண்டன் கோபுரக் கோட்டையில், தேவாலயச் சுவர் ஓரத்தில், கூட நடந்த தோழர்களின் கண்முன்னே மூன்று பேரைச் சுட்டார்கள். மற்றவர்களை ஜிப்ரால்டர், மினோர்கா, மேற்கிந்தியத் தீவுகள், ஜார்ஜியா என்று பிரித்து அனுப்பினார்கள். எந்தத் தீவுக்குப் பயந்து ஓடினார்களோ, அங்கேயேதான் சிலர் போய்ச் சேர்ந்தார்கள்.

மிச்சப் படை ஃபிளாண்டர்ஸுக்குப் போனது. இரண்டு வருஷத்தில், 1745 மே 11 அன்று ஃபோன்டெனாயில் பிரெஞ்சுப் படையோடு சண்டை. தங்கள் வழியில் சண்டை போட அனுமதி கேட்டு வாங்கினார்கள்: எதிரி சுடும்போது தரையோடு படுப்பது, குண்டு பறந்ததும் எழுந்து பாய்வது. தளபதி ராபர்ட் மன்றோ பருத்த உடம்புக்காரர், படுத்தால் எழ முடியாது. ஒவ்வொரு முறையும் அவர் ஒருவர் மட்டும் கொடிகளுக்கு முன்னால் நேராக நின்றார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடிப்போனவர்களுக்கு இல்லாத துணிச்சல் என்று அதை என்னால் சொல்ல முடியாது. ஐந்து நாள் பார்த்த அத்தனை ஊர்ப்பெயர்களும், லூஸும், டைகாண்டரோகாவும், மங்களூரும், இந்த ஆற்றங்கரையைக் காக்கச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் போய்ப் புதைந்த இடங்கள். 144 வருஷம் கழித்து ஊர் ஒரு சிலை எழுப்பியபோது ஃபோன்டெனாயில் நின்றவரை வைக்கவில்லை. ராணுவம் சுட்டுக் கொன்ற ஒரு சாதாரணச் சிப்பாயை வைத்து, திறந்துவைக்க ஒரு பிரபுவையும் அழைத்திருக்கிறார்கள்.

பாலத்துக்கும் ஊருக்கும் நடுவே நடந்தேன். இப்போது வெறும் புல்வெளி. ஆறு பழுப்பாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. 1740ல் இங்கே வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டிருப்பார்கள். கேலிக்கில் பதில் வந்திருக்கும்.

சுற்றிலும் யாரும் இல்லை. சாமுவேல் மக்ஃபர்சன், மால்கம் மக்ஃபர்சன், ஃபார்கர் ஷா என்று மூன்று பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அப்பா பெயரையும் கூப்பிட்டேன். பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.